ஸ்விட்ச்சுக்கு மாற்று கண்ட்ரோலர்: விரல் மரத்துப்போகாமல் ஆட எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: நின்டெண்டோ ஸ்விட்ச்சைப் பெரும்பாலும் கையில் பிடித்தே ஆடுகிறேன், டிவியில் ஆடுவது எப்போதாவதுதான். முக்கால் மணி நேரம் ஆனதும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடுகின்றன. வலது கட்டைவிரலின் அடிப்பக்கம் வலிக்கிறது. போதாக்குறைக்கு, கட்டைவிரலால் அசைக்கும் இடது ஸ்டிக் தொடாமலே நகர்கிறது. கன்சோலின் இருபக்கமும் மாட்டியிருக்கும் ஜாய்-கான் கண்ட்ரோலருக்குப் பதிலாகக் கைக்கு இதமான ஒன்றை வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்:

நீங்கள் சொன்னதில் மூன்று தொல்லைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. விரல் மரத்துப்போவது பிடியில் தடிமன் இல்லாததால். கட்டைவிரல் வலிப்பது வலது ஸ்டிக் அமைந்த இடத்தால். ஸ்டிக் தானாக நகர்வது, அதாவது ட்ரிஃப்ட், உள்ளே இருக்கும் சென்சார் தேய்ந்ததால். கடைசித் தொல்லையை மட்டும் மனதில் வைத்து, ட்ரிஃப்ட் ஆகாத ஜாய்-கான் என்று தேடி அதே தட்டை வடிவத்தில் ஒன்றை வாங்கினால் ஸ்டிக் சரியாகிவிடும், விரல் மரத்துக்கொண்டேதான் இருக்கும். பிறகு இன்னொன்று வாங்க வேண்டிவரும். அதனால் வடிவத்தை முதலில் முடிவு செய்யுங்கள். சென்சார், பட்டன், விளக்கு எல்லாம் அதற்குப் பிறகு.

அதற்கும் முன்னால், கையில் இருப்பது எந்த ஸ்விட்ச் என்று பாருங்கள். 2017-இல் வந்த முதல் மாடலுக்கும் 2021-இல் வந்த ஓலெட் மாடலுக்கும் கண்ட்ரோலரைச் செருகும் பக்கவாட்டு ரெயில் ஒன்றுதான். ஒன்றுக்குச் செய்த கண்ட்ரோலர் மற்றதிலும் ஏறும். 2019-இன் லைட் மாடலில் கண்ட்ரோலர் உடம்போடு சேர்ந்தது, கழற்றவே முடியாது. அதற்குப் பிடிப்பு உறை ஒன்றுதான் வழி, அல்லது தனி வயர்லெஸ் கண்ட்ரோலர். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2 காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை. பழைய ரெயிலுக்கான எதுவும் அதன் பக்கவாட்டில் பொருந்தாது. பழைய ஜாய்-கானை அதில் வயர்லெஸ்ஸாக மட்டும் இணைக்கலாம். விற்பனைப் பக்கங்களில் ‘ஸ்விட்ச்சுக்கு’ என்று மொட்டையாகப் போட்டிருப்பார்கள். எந்த ஸ்விட்ச் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். இங்கே நான் சொல்வது ரெயில் உள்ள முதல் இரண்டு மாடல்களுக்கு.

இனி வலிக்கு வருவோம். ஸ்விட்ச்சின் உடம்பு 13.9 மில்லிமீட்டர் தடிமன். ஜாய்-கானின் உடம்பும் ஏறக்குறைய அதே தடிமன்தான். உயரம் 102 மில்லிமீட்டர், அகலம் 35.9. முதல் மாடலின் கன்சோல் 297 கிராம். இரண்டு ஜாய்-கானும் சேர்ந்தால் ஏறத்தாழ 400 கிராம், ஓலெட் என்றால் 420. இந்தப் பாரம் கையில் எங்கே உட்காருகிறது என்று அடுத்த முறை ஆடும்போது கவனியுங்கள். உள்ளங்கைக்கும் ஜாய்-கானின் முதுகுக்கும் நடுவே ஒரு பள்ளம் காலியாகவே கிடக்கும். நடுவிரலும் மோதிரவிரலும் நுனியால் முதுகை அழுத்திக்கொண்டிருக்கும். சுண்டுவிரல் கீழ் விளிம்புக்கு அடியில் ஒரு தாங்குபலகை மாதிரி மடங்கிக் கிடக்கும். கன்சோலின் பாதிப் பாரம் அந்த ஒற்றை விரலின் பக்கவாட்டில்.

சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சி தருவது அல்நார் நரம்பு. முழங்கையின் உட்புற எலும்பை ஒட்டிய பள்ளம் வழியாக இறங்கி, உள்ளங்கையின் சுண்டுவிரல் ஓரமாகக் கைக்குள் வருகிறது. முழங்கை இடித்தால் சுரீரென்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்குமே, அதே நரம்பு. முழங்கையை நன்றாக மடக்கி வைத்தால் அது இழுபடும். நாற்காலிக் கையில் முழங்கையை ஊன்றினால் அமுங்கும். சுண்டுவிரல் ஓரத்தில் கன்சோல் உட்கார்ந்தால் அங்கேயும் அமுங்கும். உங்களுக்கு மரத்துப்போகும் விரல்கள் சரியாக இவை இரண்டுதான் என்பதால் காரணம் இங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்திருந்தால் மணிக்கட்டு வளைந்திருப்பதைச் சந்தேகிக்கலாம். அது வேறு நரம்பு. எது மரத்தாலும் சரி, ஆடாத நேரத்திலும் மரப்பு தொடர்ந்தாலோ, பிடியில் பலம் குறைந்து பொருள்கள் நழுவினாலோ கண்ட்ரோலர் தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கட்டைவிரல் வலிக்குக் காரணம் கண்ணால் பார்க்கக்கூடியது. கையைத் தளரத் தொங்கவிட்டு, ஒரு தம்ளரைப் பிடிப்பது போல மெல்ல மேலே கொண்டுவாருங்கள். கட்டைவிரல் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது? மேல்நோக்கிச் சற்றே உள்ளே சாய்ந்து. ஜாய்-கானில் அந்த இடத்தில் இருப்பது ஏ, பி, எக்ஸ், ஒய் பட்டன்கள். வலது ஸ்டிக் அவற்றுக்கு நேர் கீழே. அதைத் தொடக் கட்டைவிரலைக் கீழே இறக்கி, கணுவை மடக்கி, அடிமூட்டை உள்ளங்கைக்குள் இழுக்க வேண்டும். கேமராவைத் திருப்பும் விளையாட்டுகளில் விரல் மணிக்கணக்காக இந்த நிலையிலேயே இருக்கும். கைப்பிடி உள்ள பெரிய கண்ட்ரோலரிலும் வலது ஸ்டிக் கீழேதான் இருக்கும், ஆனால் கைப்பிடி வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்குவதால் உள்ளங்கையே கொஞ்சம் கீழே உட்காரும். விரல் மடங்காமலே ஸ்டிக்கைத் தொடும்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள், பத்து நிமிட வேலை. சின்னக் கைத்துண்டு இரண்டை எடுத்து, கட்டைவிரலை விடக் கொஞ்சம் தடிமனாக இறுக்கிச் சுருட்டுங்கள். ஒவ்வொரு ஜாய்-கானின் முதுகிலும் ஒன்றை நெடுக்காக வைத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். கன்சோலின் முதுகில் காற்றை உள்ளே இழுக்கும் துளைகளும் மேல் விளிம்பில் சூடான காற்று வெளியேறும் துளைகளும் இருக்கின்றன. துணி அவற்றை மூடக்கூடாது. முழங்கைகளுக்குக் கீழே மடியில் ஒரு தலையணை வையுங்கள். இப்படி ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். மரப்பு வரவில்லை, அல்லது வெகுநேரம் கழித்து லேசாக வந்தது என்றால் உங்களுக்குத் தேவை தடிமன்தான் என்பது உறுதி. தலையணை மட்டும் வைத்து, துணி இல்லாமல் ஆடியும் வரவில்லையென்றால் காரணம் முழங்கை. புதுக் கண்ட்ரோலர் அதற்கு மருந்தாகாது. எத்தனை தடிமனில் கை நிம்மதியாக இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது பயன்படும்.

சந்தையில் இருப்பவை ஐந்து வகை. அவற்றில் இரண்டைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும்.

ஒன்று, இருக்கும் ஜாய்-கானோடு கன்சோலையே செருகிக்கொள்ளும் பிடிப்பு உறை. சாட்டிஸ்ஃபை, ஸ்கல் அண்ட் கோ போன்றவர்கள் செய்கிறார்கள். மலிவான வழி, ஜாய்-கானின் எல்லா வசதியும் அப்படியே இருக்கும். விரல் மரப்பு குறையும். வலது ஸ்டிக்கின் இடம் மாறாது, ட்ரிஃப்ட்டும் மாறாது. ஓலெட் மாடல் முதல் மாடலை விட 3 மில்லிமீட்டர் நீளம் என்பதால் ஒன்றின் உறை மற்றதற்கு ஒத்துவராமல் போகலாம்.

இரண்டு, பேட்டரி இல்லாத அகலமான இரட்டைக் கண்ட்ரோலர். இதில் அதிகம் தெரிந்த பெயர் ஹோரியின் ஸ்ப்ளிட் பேட் ப்ரோ. நின்டெண்டோவின் உரிமம் பெற்றது. முழு அளவு ஸ்டிக், முழு அளவு பட்டன், உண்மையான டி-பேட் (நான்கு திசைக்கும் ஒரே துண்டான சிலுவைப் பட்டன்), பின்புறத்தில் நாமே வேலை ஒதுக்கிக்கொள்ளும் பட்டன். பார்க்கப் பெரிதாக இருந்தாலும் உள்ளே பேட்டரியும் மோட்டாரும் இல்லாததால் கைக்கு லேசு. ஆனால் கன்சோலில் மாட்டியிருக்கும்போது மட்டும்தான் உயிர். கழற்றினால் வேலை செய்யாது. சாய்வை உணரும் ஜைரோ கிடையாது, அதிர்வு கிடையாது, நின்டெண்டோவின் அமீபோ பொம்மைகளைப் படிக்காது. சாய்த்துக் குறிபார்க்கும் விளையாட்டு எதுவும் ஆடாதவருக்கு, கழற்றவே நினைக்காதவருக்கு, இது இன்றைக்கும் நல்ல தேர்வு. கை சிறியது என்றால் அதே நிறுவனத்தின் ஸ்ப்ளிட் பேட் காம்பாக்ட்டைப் பாருங்கள்.

மூன்று, பேட்டரி உள்ள, வயர்லெஸ்ஸாகவும் இயங்கும் அகலமான இரட்டை. நிக்ஸி, மொபாபேட், பின்பாக் போன்ற பெயர்களில் வருபவை. ஜைரோவும் அதிர்வும் பெரும்பாலானவற்றில் உண்டு, உரசித் தேயாத காந்த ஸ்டிக் பலவற்றில் உண்டு. கன்சோல் இவற்றை ஜாய்-கான் என்றே நினைத்துக்கொள்ளும். கழற்றி டிவியில் ஆடலாம். உங்கள் பழக்கத்துக்கு இந்த வகைதான் பொருத்தம் என்பேன். இதன் குறைகளைப் பின்னால் சொல்கிறேன்.

நான்கு, கன்சோலை முழுதாக உள்ளே இறக்கும் சட்டம். நைட்ரோ டெக் இந்த வகை. ஜாய்-கான் இரண்டையும் கழற்றிவிட்டு, கன்சோலை யுஎஸ்பி-சி முனையில் உட்கார வைப்பது. ரெயிலில் ஆட்டம் என்ற பேச்சே இல்லை, ஒரே உடம்பு போல இறுக்கமாக இருக்கும். பாரம் கூடும், பைக்குள் வைப்பது கஷ்டம்.

ஐந்து, கன்சோலை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ப்ரோ கண்ட்ரோலரைக் கையில் எடுப்பது. 246 கிராம், ஒரு சார்ஜுக்கு சுமார் 40 மணி நேரம். கன்சோலின் பாரம் மேசைக்குப் போய்விடுகிறது, முழங்கை மடிக்கு இறங்குகிறது. கைக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை. கையில் பிடித்து ஆடுகிறேன் என்று நீங்கள் சொல்வதில் பாதி நேரம் எதிரே ஒரு மேசை இருக்கிறது என்றால், முதலில் இதைத்தான் யோசிக்கச் சொல்வேன். பேருந்திலும் படுக்கையிலும்தான் ஆடுகிறீர்கள் என்றால் மூன்றாவது வகைக்கே வாருங்கள்.

மூன்றாவது வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் கைப்பிடி. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். 17 சென்டிமீட்டருக்குள் என்றால் குட்டையான, மெல்லிய கைப்பிடி. 19-க்கு மேல் என்றால் முழு நீளக் கைப்பிடி. நடுவில் என்றால் கைத்துண்டுச் சோதனையில் கிடைத்த தடிமனே வழிகாட்டி. இது துல்லியமான கணக்கல்ல, ஆனால் படத்தைப் பார்த்து ஊகிப்பதை விட எவ்வளவோ மேல். கைப்பிடி சுண்டுவிரலும் சுற்றிப் பிடிக்கிற அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். அந்த விரல் மறுபடியும் விளிம்புக்கு அடியில் தாங்குபலகையாக மடங்கினால் வாங்கியும் பயனில்லை. அதே நேரத்தில் ஆள்காட்டி விரல் மேல் விளிம்பின் பின்னால் இருக்கும் இசட்எல், இசட்ஆர் பட்டன்மேல் லேசாக வளைந்து உட்கார வேண்டும். நீட்டினால்தான் எட்டுகிறது என்றால் கண்ட்ரோலர் உங்கள் கைக்குப் பெரியது. மணிக்கட்டு முன்கையோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்பது கடைசிச் சரிபார்ப்பு.

அடுத்தது ஸ்டிக். சாதாரண ஸ்டிக்கின் அடியில் மெல்லிய கார்பன் தடம் ஒன்று பூசியிருக்கும். ஸ்டிக்கோடு நகரும் சின்ன உலோகக் கால் அதன்மேல் உரசிக்கொண்டே போகும். எங்கே நிற்கிறது என்பதை மின்தடையின் அளவை வைத்துக் கன்சோல் கண்டுபிடிக்கிறது. ஸ்டிக் அதிக நேரம் நிற்பதும் புறப்படுவதும் நடுப்புள்ளியில் என்பதால் அந்த இடத்தில்தான் தடம் முதலில் தேயும். தேய்ந்த கார்பன் தூளாகி அங்கேயே கிடக்கும். விரலை எடுத்த பிறகும் கன்சோலுக்குப் பூஜ்யம் கிடைக்காது, பாத்திரம் தானாக ஒரு பக்கம் நடக்கும். ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் உரசலே இல்லை. ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தம், எதிரே தொடாமல் ஒரு சென்சார்; காந்தப்புலம் மாறுவதை வைத்து நிலை தெரிகிறது. டிஎம்ஆர் என்று எழுதியிருந்தால் அதுவும் காந்த வகையே, உணர்திறன் கூடுதல், மின்செலவு குறைவு. இரண்டில் எது இருந்தாலும் சரி; கார்பன் தடம் இல்லாமல் இருந்தால் போதும். காந்த ஸ்டிக்குக்கும் ஸ்பிரிங் தளரும், அளவீடு பிசகும். வலுவான காந்தம் பக்கத்தில் வந்தால் அளவு தடுமாறும் என்பதால் காந்தப் பூட்டு வைத்த உறைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்டிக்கின் உயரத்தையும் பாருங்கள். ஜாய்-கான் ஸ்டிக் குட்டை. கொஞ்சம் அசைத்தாலே முழுத் தூரம் போய்விடும், அதனால் விரல் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். முழு உயர ஸ்டிக்கில் அதே திருப்பத்துக்கு விரல் அதிகத் தூரம் போகிறது. அழுத்தம் குறைந்து துல்லியம் கூடுகிறது. கட்டைவிரல் வலி உள்ளவருக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய விடுதலை.

பட்டன்களைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். மெத்தென்ற ரப்பர் அடியா, டிக் டிக்கென்று சத்தம் போடும் சுவிட்சா என்பது அவரவர் விருப்பம். பக்கத்தில் யாராவது தூங்குவார்கள் என்றால் ரப்பர். இரு பரிமாண (2டி) விளையாட்டுகள், சண்டை விளையாட்டுகள் ஆடுபவருக்கு மட்டும் இடது பக்கம் ஒரே துண்டான டி-பேட் முக்கியம். ஜாய்-கானில் நான்கு தனிப் பட்டன்களாக இருப்பது அதைப் படுக்கப் போட்டுத் தனியாக ஆடுவதற்காக. அனலாக் ட்ரிக்கர் (எவ்வளவு அழுத்தினோம் என்பதையும் உணரும் பட்டன்) என்று பெருமையாக எழுதியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம். முதல் ஸ்விட்ச்சுக்கு இசட்எல், இசட்ஆர் இரண்டும் அழுத்தியது, விட்டது என்ற இரண்டு நிலை மட்டுமே புரியும்.

பின்புறப் பட்டன்கள் உங்களுக்கு நிஜமாகவே உதவும். ஓடுவதற்கு பி-யை அழுத்திக்கொண்டே வலது ஸ்டிக்கைத் திருப்ப வேண்டிய விளையாட்டில் கட்டைவிரல் இரண்டு இடத்துக்கும் அலைகிறது; பி-யைப் பின்புறப் பட்டனுக்கு ஒதுக்கினால் நடுவிரல் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும், கட்டைவிரல் ஸ்டிக்கிலேயே இருக்கலாம். கன்சோலுக்கு இந்தப் பட்டன் தனியாகத் தெரியாது, இன்னொரு பி-யாகத்தான் தெரியும். அதனால் ஒதுக்கும் வேலையைக் கண்ட்ரோலரிலேயே செய்ய வேண்டும். பட்டன் உடம்போடு சமமாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். துருத்திக்கொண்டிருந்தால் இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அமுங்கும்.

இனி குறைகள். அசல் வலது ஜாய்-கானில் அமீபோவைப் படிக்கும் என்எஃப்சியும் அகச்சிவப்புக் கேமராவும் உண்டு. மாற்றுகளில் பெரும்பாலும் கேமரா இருக்காது, என்எஃப்சி சிலவற்றில் மட்டும். ரிங் ஃபிட் மாதிரி ஜாய்-கானையே கருவிக்குள் செருகும் விளையாட்டுக்கு அசல்தான் வேண்டும். அதிர்வும் அசலின் மென்மையில் இருக்காது. பலவற்றில் சாதாரண மோட்டார், முழுக் கன்சோலும் உதறும். விரல் மரப்பு உள்ளவர்கள் அமைப்புகளில் அதிர்வை அணைத்துவிடுவது நல்லது. கண்ட்ரோலரின் பேட்டரி கன்சோலில் மாட்டியிருக்கும்போது கன்சோலின் பேட்டரியிலிருந்துதான் சார்ஜ் எடுக்கும். காலியான ஜோடியை மாட்டிக்கொண்டு பயணம் கிளம்பினால் 4310 எம்ஏஎச்சில் ஒரு பங்கு அங்கே போய்விடும். புறப்படும் முன் தனித்தனியாக நிரப்பிக்கொள்ளுங்கள். கண்ட்ரோலரிலேயே யுஎஸ்பி துளை இருந்தால், அதில் வயரைச் செருகியபடி கன்சோலிலும் மாட்ட வேண்டாம்.

இன்னொரு குறை மென்பொருள். கன்சோல் அப்டேட் வந்த பிறகு சில மாற்றுக் கண்ட்ரோலர்கள் வயர்லெஸ்ஸில் இணைய மறுக்கும். கன்சோலின் அமைப்புகளில் இருக்கும் கண்ட்ரோலர் அப்டேட் நின்டெண்டோவின் சொந்தக் கண்ட்ரோலர்களுக்கு மட்டும். மற்றவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் செயலியோ கணினி மென்பொருளோ வேண்டும். வாங்கும் முன் அந்த நிறுவனம் ஃபர்ம்வேர் (கண்ட்ரோலருக்குள் இயங்கும் மென்பொருள்) வெளியிடுகிறதா, கடைசியாக எப்போது வெளியிட்டது என்று பாருங்கள். பெயர் தெரியாத மலிவு ஜோடிகள் பெரும்பாலும் விழுவது இந்த இடத்தில்தான். பட்டன் உழைக்கும், வடிவம் நன்றாயிருக்கும், ஒரு அப்டேட்டில் ஊமையாகிவிடும்.

பொட்டலம் வந்ததும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இவற்றைச் செய்து பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு கன்சோலை ஒரு கையிலும் கண்ட்ரோலரை மறு கையிலும் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். இம்மி ஆட்டம் இயல்பு. அசைக்கும்போது இணைப்பு விட்டுவிட்டு வந்தால் ரெயில் சரியில்லை, திருப்பி அனுப்புங்கள். தாள், டேப் ஒட்டி இறுக்கப் பார்க்காதீர்கள், ரெயிலின் தொடுமுனை கெட்டுவிடும். பிறகு சிஸ்டம் அமைப்புகளில் கண்ட்ரோலர்களுக்கான பகுதிக்குப் போய் ஸ்டிக் அளவீட்டு (காலிபிரேஷன்) திரையைத் திறந்து, ஸ்டிக்கை விளிம்பு வரை தள்ளிச் சட்டென்று விடுங்கள். எட்டுத் திசையிலும் இப்படிச் செய்யுங்கள். புள்ளி ஒவ்வொரு முறையும் நடுவுக்கே திரும்ப வேண்டும். எதிர்ப்பக்கம் துள்ளி வந்து நின்றாலோ, ஒரு திசையில் விளிம்பை எட்டாவிட்டாலோ ஒரு முறை அளவீடு செய்துவிட்டு மறுபடி பாருங்கள். டி-பேடில் மேல் அம்பை அழுத்தியபடி விரலை இடதும் வலதும் லேசாக உருட்டுங்கள். சீக்கிரமே குறுக்குத் திசை பதிவானால் நுணுக்கமான விளையாட்டுக்கு அது உதவாது. ஜைரோ இருந்தால் மேசையில் தட்டையாக வைத்து அளவீடு செய்து, குறிபார்க்கும் விளையாட்டு ஒன்றைத் திறந்து அசையாமல் வையுங்கள். காட்சி தானாக நகரக்கூடாது.

முதல் நாளே மூன்று மணி நேரம் ஆட வேண்டாம். பெரிய பிடிக்குப் பழக உள்ளங்கைத் தசைக்கு நான்கைந்து நாள் ஆகும். அதுவரை இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒரு இடைவெளி. ஒரு வாரம் கழித்தும் புது இடத்தில் வலிக்கிறது என்றால் அந்த வடிவம் உங்களுக்கு ஆகாது. தலையணையை மட்டும் எந்தக் கண்ட்ரோலர் வந்தாலும் விடாதீர்கள். கையை நிரப்பும் கண்ட்ரோலர் பாரத்தையும் கூட்டும் என்பதால் அதன் தேவை இன்னும் அதிகமாகிறது.

பழைய இடது ஜாய்-கானைத் தூக்கி எறியாதீர்கள். ட்ரிஃப்ட் மட்டும்தான் குறை என்றால் சரிசெய்யலாம். முதலில் நின்டெண்டோவின் பழுதுபார்ப்புப் பிரிவைக் கேளுங்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில் 2023 முதல் உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் ட்ரிஃப்ட்டை இலவசமாகச் சரிசெய்கிறார்கள். அந்த வழி இல்லாதவர்கள் ஸ்டிக்கின் ரப்பர் பாவாடையைத் தூக்கி, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, ஸ்டிக்கைச் சுற்றி, நன்றாக உலரவிட்டு அளவீடு செய்யலாம். தூசியாக இருந்தால் போய்விடும். தேய்மானம் என்றால் சில வாரத்தில் திரும்ப வரும்.

அப்போது ஸ்டிக்கையே மாற்றுவதுதான் வழி. ஜாய்-கானுக்கான காந்த ஸ்டிக்கைக் குலிகிட் போன்றவர்கள் செய்கிறார்கள். பின்புறம் ஒய் வடிவத்தில் மூன்று கால் திருகு நான்கு. அதற்கென்றே உள்ள சின்ன ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தொடாதீர்கள், தலை மழுங்கினால் பிறகு கழற்றவே முடியாது. நான்கையும் எடுத்ததும் மூடியை வெடுக்கென்று இழுக்காமல் புத்தகம் திறப்பது போல ரெயில் பக்கமாக மெல்ல விரியுங்கள். இரண்டு பாதியையும் மெல்லிய நாடாக் கேபிள் இணைத்திருக்கிறது. முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பேட்டரியை நெம்பும்போது கூர்மையான எதையும் பயன்படுத்தாதீர்கள், பிளாஸ்டிக் பட்டை போதும். பேட்டரி உட்கார்ந்திருக்கும் தட்டின் மூன்று திருகுகளை எடுத்துத் தட்டைத் தூக்கும்போது இசட்எல் பட்டனின் கேபிளும் கூடவே வரும், இழுத்துவிடாதீர்கள். ஸ்டிக்கைப் பிடித்திருப்பவை இரண்டு திருகும் ஒரு நாடாவும். நாடா செருகியிருக்கும் இடத்தில் நகக்கண் அளவில் ஒரு பூட்டு உண்டு. அதை நிமிர்த்தி, நாடாவை நேராக வெளியே எடுங்கள். பூட்டை நிமிர்த்தாமல் இழுப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் விபத்து. பூட்டு உடைந்தால் புது நாடா நிற்காது, போர்டையே மாற்ற வேண்டிவரும். புது ஸ்டிக்கை வைத்து, எல்லாவற்றையும் அதே வரிசையில் திருப்பி மூடி, கட்டாயம் அளவீடு செய்யுங்கள். அளவீடு இல்லாமல் ஆடினால் புது ஸ்டிக்கும் ட்ரிஃப்ட் ஆவது போலத் தெரியும்.

சரிசெய்த ஜோடியை அமீபோவுக்கும் இரண்டாம் ஆட்டக்காரருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கிடந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கன்சோலில் மாட்டி மூன்றரை மணி நேரம் விடுங்கள். 525 எம்ஏஎச் பேட்டரி காலியாகி அப்படியே கிடந்தால் பிறகு சார்ஜ் ஏறாமல் போய்விடும்.